வீணையின் தலையில் விரிசலா? தஞ்சாவூருக்கு எடுத்துச் செல்லுங்கள்!

தஞ்சாவூர் என்றால் பெரிய கோயில், தலையாட்டி பொம்மை, ஓவியம் எல்லாம் நினைவுக்கு வரும். கோயிலைப் பார்த்துவிட்டு சிவகங்கைப் பூங்கா பக்கம் நடந்தால் இன்னொரு தஞ்சாவூர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வீணை செய்கிறவர்களின் பட்டறைகள் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. பலாமரத் தூள் வாசனையும் உளிச் சத்தமுமே வழி காட்டிவிடும்.

இங்கே புது வீணை வாங்க வருகிறவர்கள் மட்டுமல்ல, பாட்டி வாசித்த வீணையைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்து வருகிறவர்களும் உண்டு. அவர்கள் அடிக்கடி கொண்டுவரும் குறை, தலைப்பக்க விரிசல்.

வீணையின் ஒரு கோடியில் குடம், மறுகோடியில் யாளி முகம். யாளிக்குச் சற்று முன்னால்தான் வாசிக்கும் 4 தந்திகளையும் இழுத்துப் பிடிக்கும் பிரடைகள் இருக்கின்றன. (தாளத் தந்திகள் மூன்றுக்கும் தண்டியின் பக்கவாட்டில் தனிப் பிரடைகள்.) நாம் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் தந்திகள் அந்த இடத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். பிரடைக்காகத் துளை போட்ட மரம் என்பதால் பலமும் குறைவு. பிரடை வழுக்குகிறதே என்று அழுத்தித் திருகினால், அது ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்கும். போதாக்குறைக்கு, தூக்கும்போது நிலைப்படியில் முதலில் இடிபடுவதும் யாளிதான்!

பட்டறையில் முதல் வேலை, தந்திகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவது. பிறகு விரலால் தட்டிப் பார்த்து, விரிசல் எவ்வளவு ஆழம் என்று காதாலேயே கணிக்கிறார்கள். உள்ளே இருக்கும் தூசியையும் பழைய பசையையும் சுரண்டி எடுத்த பிறகே ஒட்டும் வேலை. பழைய முறையில் வஜ்ரத்தை உருக்கிச் சூடாக ஊற்றுவார்கள். சூடு காட்டினால் அது மறுபடி இளகும் என்பதால், நாளைக்கு இன்னொருவர் பிரித்துச் சரிசெய்ய வழி இருக்கும். இப்போது கடையில் கிடைக்கும் மரப் பசையும் புழக்கத்தில் இருக்கிறது. ஒட்டியதும் இறுக்கிக் கட்டி, நன்றாகக் காயும்வரை தொட மாட்டார்கள்.

விரிசல் பிரடைத் துளைக்குள் ஓடியிருந்தால், துளையைப் பலாக்கட்டையால் அடைத்து, புதிதாகத் துளையிட்டு, பிரடையை அதற்கேற்பத் தேய்க்க வேண்டும். ஆழமான விரிசலுக்குக் குறுக்கே மரத்துண்டு பதிப்பதும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்குத்தான் மதிப்பும் விலையும் அதிகம். ஆனால் அடிபட்டால், தனித்தனியாகச் செய்து இணைத்த ஒட்டு வீணையைச் சரிசெய்வது சுலபம். அது பெரும்பாலும் ஒட்டிய இடத்திலேயே விட்டுக்கொடுக்கும். ஏகாந்த வீணையில் விரிசல் மரத்தின் ரேகை போன போக்கில் ஓடிவிடும்.

மரம் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. தலையின் சாய்வு இம்மியளவு மாறியிருந்தாலும் சுருதி விலகும். அப்போது 24 மெட்டுகளையும் கரி கலந்த மெழுகில் மறுபடி பதிக்க வேண்டும். இதற்கு ‘மேளம் கட்டுதல்’ என்று பெயர். ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தும் வேலை இது.

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-ல். பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. ஆனால் உளியும் காதும் சேர்ந்த இந்தத் தொழிலை விட்டு அடுத்த தலைமுறை வேறு வேலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு வீணை விரிசலோடு கிடந்தால், தள்ளிப்போடாதீர்கள். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இன்றைக்கு இருக்கிறார்கள்.

கிளம்பும் முன் சில விஷயங்கள்: தந்திகளைத் தளர்த்திவிடுங்கள். உடனடிப் பசை எதையும் வீட்டில் ஊற்றாதீர்கள். அது விரிசலுக்குள் இறுகிவிட்டால் சரியான பசை மரத்தைப் பிடிக்காது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வீணையை விடாதீர்கள், மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிடும். பெயர்ந்து விழுந்த சில்லு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் காகிதத்தில் மடித்துக் கையோடு கொண்டு போங்கள். அந்த இடத்தில் அதைவிடக் கச்சிதமாகப் பொருந்தும் மரம் வேறு கிடைக்காது.