பிரிவு உபசாரம்

அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எளுது. பேரு மட்டும் போடாத. என் பொண்ணு வேற எடத்துல வேல பாக்குது" என்றது.

அத்தை என்றால் சொந்த உறவில்லை. அது சேரி வேறு, என் சேரி வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட கேண்டீன் பின்கட்டுக்குப் போனேன். "எந்த ஊரு தம்பி?" என்றது. சொன்னேன். குரலை இறக்கி, "ஊரா, காலனியா?" என்றது. "காலனி." அன்றிலிருந்து நான் மருமவன்.

கடலூர் மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலை. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேண்டீன் வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னதால் வந்த கேண்டீன். அத்தை 1988இல் உள்ளே வந்தது, 2019 மே மாதம் வெளியே போனது. 31 வருஷமும் தட்டு, டம்ளர், அண்டா, அடிபிடித்த தேக்சா. தொட்டிக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் ஒரு கதவு. பூட்டு கிடையாது. அத்தை அதைத் தாண்டியதில்லை. பரிமாற ஆள் வராத நாளில் சூப்பர்வைசரே சாம்பார் வாளியைத் தூக்குவார், அத்தையைக் கூப்பிட மாட்டார். வராதே என்றும் யாரும் சொன்னதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவை என்ன செய்வது?

2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளிச் சத்துணவை ஒரு தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்களே, அந்தச் செய்தி வந்த அன்று கேண்டீனில் அதே பேச்சு. "இந்தக் காலத்துலயும் இப்பிடியா!" என்று ஒரு அதிகாரி ரொம்பவும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே தட்டைத் தொட்டிப் பக்கம் தள்ளினார்.

பணத்துக்கு வருகிறேன். அப்போதிருந்த பணிக்கொடைச் சட்டம் 1972ஆம் வருஷத்தது. 5 வருஷம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். அத்தைக்கு 31 வருஷம். ஆனால் கான்ட்ராக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருத்தர் வரும்போதும் அத்தை புதுசாகச் சேர்ந்ததாகக் கைநாட்டு வாங்கினார்கள். அதே தொட்டி, அதே குழாய். கடைசிக் கணக்குப்படி அத்தைக்கு சர்வீஸ் 3 வருஷம். சங்கத்தில் போய்ச் சொன்னேன். "கான்ட்ராக்ட் ஆளுங்க நம்ம மெம்பர் இல்லியே தோழர்" என்றார்கள். அதற்குமேல் நானும் பேசவில்லை.

பணிக்கொடை இல்லை. பிரிவு உபசாரம் உண்டு. சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மேனேஜர் மைக்கைப் பிடித்து, "நமக்கெல்லாம் அன்னமிட்ட தாய்" என்றார். ஒரு கரண்டி சோறு போட விடாத கைக்கு அந்தப் பட்டம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். அத்தைக்கு வேண்டியவன் என்று தெரியும், ஏன் வேண்டியவன் என்று சிலருக்குத் தெரியும். கதவைப் பற்றிப் பேச வேண்டும் என்று முந்தின ராத்திரி எழுதிவைத்திருந்த தாள் சட்டைப் பையில் இருந்தது. அந்த மாசம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. தாளை எடுக்கவில்லை. அத்தையின் சிரிப்பு, சுறுசுறுப்பு, சொல்லாமல் லீவு போடாத குணம் என்று நாலு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்தேன்.

வடை பாயாசத்தோடு சாப்பாடு. அன்றைக்கு அத்தையை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். எழுந்ததும் அது சால்வையை மடித்துப் பையில் வைத்தது, முந்தானையை இடுப்பில் செருகியது, தொட்டிக்குப் போய்விட்டது. புது ஆள் திங்கட்கிழமைதான் வருகிறதாம்.

நான் கடைசியாகத் தட்டோடு போய் நின்றேன்.

"நல்லாப் பேசுன மருமவனே" என்று கையை நீட்டியது. தட்டைக் கொடுத்தேன்.