இடப்பக்கம் கடல், வலப்பக்கம் தேரி

தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் சாலைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர். ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்கக்கூடிய இடங்கள் அதில் மிகக் குறைவு. உப்பளம் தெரியும், ஆத்தூர்ப் பக்கம் வாழையும் வெற்றிலைக்கொடிக்காலும் தெரியும், பிறகு உடைமரமும் முருங்கையும் பனையுமாக மைல் கணக்கில் ஓடும். கடல் இடப்பக்கம், மணல்மேடுகளுக்கு அந்தாண்டை, தன்பாட்டுக்குக் கிடக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் பெரிய சாலையை விட்டு இறங்க வேண்டும். இறங்குகிற ஒவ்வொரு கிளைச் சாலையும் ஏதாவது ஒரு கோயிலில், மாதா கோவிலில் அல்லது படகு இழுத்துப் போட்டிருக்கும் மணலில் போய் முட்டி நிற்கும்.

சென்னையில் வளர்ந்த தம்பி மகளுக்கு இது புரிகிற மாதிரி இல்லை. பள்ளி விடுமுறையில் எல்லோருமாக ஒரு சின்னப் பயணம் போகலாம் என்று கிளப்பியவள் அவள்தான். வரைபடத்தில் கரையோரமாக ஒரு நீலக்கோடு போட்டுக் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, "பெரியப்பா, எந்த இடத்துல கடல் ரோட்டை ஒட்டியே வரும்? அங்க மட்டும் மெதுவா ஓட்டச் சொல்லணும்" என்று கேட்டாள். கடல் ரோட்டுக்கு வராது, நாம்தான் கடலுக்குப் போக வேண்டும் என்றேன். அவளுக்கு அது சரியாகப் போடாத சாலையாகத் தோன்றியது.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம், தேரி என்கிற செம்மணல்காட்டின் ஓரம். கடல் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஆனாலும் சும்மா கடலைப் பார்க்கவென்று யாரும் போனதாக எனக்கு நினைவில்லை. போவதற்குக் காரணம் வேண்டும். திருச்செந்தூரில் மொட்டை போட வேண்டும், குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டியிருக்க வேண்டும், ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் கடல்தான் எங்களைத் தேடி வந்தது, மணப்பாட்டு மீன்காரம்மாவின் தலையில் ஏறி. அவர் தலையிலிருந்த ஓலைப்பெட்டி எங்கள் பக்கத்துப் பனையில் முடைந்தது. அதில் வந்த சாளையும் நெத்திலியும் எங்கள் வீட்டில் இறங்கும், பெட்டி திரும்பும்போது கருப்பட்டி ஏறும். காசு கைமாறியதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"ஆச்சி, கொண்டல் அடிக்கு. இன்னைக்கு வலையில ஒண்ணும் படல. இவ்வளவுதான்."

"மீன் குடுக்க வந்தியாட்டி, கருப்பட்டி கேக்க வந்தியா?"

ஆச்சி திட்டிக்கொண்டேதான் கூட ஒரு வட்டு எடுத்து வைப்பாள். சாலைக்கு இடப்பக்கம் கடல்காரர்கள், வலப்பக்கம் பனைக்காரர்கள். இரண்டு பக்கத்துக்கும் சாமி வேறு, பேச்சின் இழுவை வேறு, அஞ்சுகிற காற்றும் வேறு. அவர்களுக்குக் கடலைக் கலக்கும் காற்று, எங்களுக்கு மண்ணை அள்ளிக் கண்ணில் கொட்டும் ஆடிக் கச்சான்.

பயணத்துக்கு அவள் குறித்த நாள் கிறிஸ்துமஸ் விடுமுறை. நான் பொங்கலை ஒட்டி வைத்துக்கொள்ளலாம் என்றேன். வடகிழக்குப் பருவமழை கடைசியாக எப்போது கையை உதறும் என்று இந்தக் கரையில் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. வருஷம் முழுக்கப் பெய்தாலும் அங்கே அவ்வளவு பெய்வதில்லை. தாமிரபரணி கரைமீறி, சாலைகள் அறுந்து, ஊர்கள் தீவுகளாக நின்றன. மார்கழி தாண்டிவிட்டால் வானம் தெளிந்துவிடும், விடியற்காலையில் வாடை இதமாக இருக்கும், வெயிலும் பத்து மணி வரை உறைக்காது. குளிர்காலம் என்று எங்களுக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

இந்தப் பருவத்தில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்றும் சொல்லிவைத்தேன். பதனீர் கிடைக்காது. பனை ஏறும் காலம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். கடையில் இருப்பது போன பருவத்துக் கருப்பட்டி. உப்பளத்தில் வெள்ளை வெளேரென்ற பாத்திகளைப் படம் பிடிக்க முடியாது. மழைத்தண்ணீரை வடித்து, தையில்தான் பாத்தி மிதிக்கத் தொடங்குவார்கள். பழைய உப்பு அம்பாரங்கள் மூடிக் கிடக்கும். ஆனால் பனங்கிழங்கு கிடைக்கும். தரையைப் பிளந்து எடுத்த கையோடு மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நடுநரம்பை உருவிப் போட்டுவிட்டுத் தின்ன வேண்டும். சில்லுக்கருப்பட்டி கிடைக்கும், சுக்கும் மிளகும் தட்டிப் போட்டது. தூத்துக்குடியில் மக்ரூன் எந்த மாதமும் கிடைக்கும். முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் முந்திரியையும் வைத்து இவ்வளவு காற்றான ஒரு பண்டத்தை எப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அதை முதல் நாளே வாங்கினால் வண்டிக்குள்ளேயே தீர்ந்துவிடும், திரும்பும்போது வாங்கலாம் என்று அவளே முடிவெடுத்தாள்.

திருச்செந்தூரைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. தைப்பூசத்துக்கு நடந்து வரும் கூட்டம் அப்போது சாலை முழுக்க இருக்கும், பச்சை வேட்டியும் காவடியுமாக, ராத்திரியிலும். வண்டியை மெதுவாகத்தான் விட வேண்டும். கிழக்கே கடல் என்பதால் ராஜகோபுரத்தை மேற்கே கட்டியிருக்கிறார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள் என்றேன். அப்புறம் நாழிக்கிணறு. அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில், படி இறங்கிப் போனால், ஒரு குழிக்குள் உப்புக் கரிக்காத தண்ணீர். சின்ன வயதில் அதை முருகன் வேல் குத்தி எடுத்த ஊற்று என்று நம்பினேன்.

இதே அதிசயம் மணப்பாட்டிலும் உண்டு, உவரியிலும் உண்டு. பின்னாளில் நிலத்தடி நீர் பற்றிப் படித்தபோது காரணம் தெரிந்தது. மணலில் விழும் மழை ஓடாது, உள்ளே இறங்கும். நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட இலேசானது, அதனால் அடியிலிருக்கும் கடல்நீரின்மேல் மிதந்தபடி கரையை நோக்கி நகரும். கரையில் ஓரடி ஈரடி தோண்டினால் முதலில் ஊறுவது அதுதான். மணல்காட்டில் விழுந்த மழை இப்படித்தான் கடலோரத்து ஊர்களுக்குக் குடிதண்ணீராகிறது. ஆச்சியின் வட்டுக்கருப்பட்டிக்கு முன்பே, மண்ணுக்கடியில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

தேரி அவள் பட்டியலில் இல்லவே இல்லை. கடற்கரைப் பயணத்தில் எதற்குப் பாலைவனம் என்றாள். குதிரைமொழித் தேரிக்குள் ஒரு விடிகாலை நிற்காமல் இந்தக் கரையைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்பது என் கட்சி. ஒவ்வொரு மணல்துகளின் மேலும் இரும்புத்துரு ஏறிச் சிவந்த மண், பல ஆயிரம் ஆண்டுகளாகக் காற்று கொண்டுவந்து குவித்தது. ஆடியில் உள்ளே போனால் மண் கன்னத்தில் அறையும், நேற்று இருந்த மேடு இன்று இருக்காது. பனிக்காலத்தில் அது அடங்கிக் கிடக்கும். இரவுப் பனியில் மேல்மண் இறுகி, மிதித்தால் சன்னமாக உடையும். மயில் நடந்த தடம் மேட்டின்மேல் ஏறி மறுபக்கம் இறங்குவது வரை தெரியும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகும்போது அந்த மண் கொதிக்கும். அப்பா எங்களைத் தோளில் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போவார். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனையைக் கண்டதும் இறக்கிவிடுவார். சுற்றிலும் சிவந்த மணல் வெந்துகொண்டிருக்க, நடுவில் அந்த மரக்கூட்டமும் தண்ணீரும்.

திருச்செந்தூருக்கும் குலசை என்று நாங்கள் சொல்லும் குலசேகரன்பட்டினத்துக்கும் நடுவே கல்லாமொழியில் அனல்மின் நிலையத்துக்காகக் கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஓர் இறங்குதுறை நீட்டியிருக்கிறார்கள். அங்கே மட்டும் கடலைத் தேட வேண்டியதில்லை, சாலையிலிருந்தே கான்கிரீட் தெரியும். குலசையில் அவளுக்குப் பிடித்த விஷயம் ஒன்று அகப்பட்டது: ராக்கெட். 2024 பிப்ரவரி 28-இல் அங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேலே போகாதபடி வளைத்துத் திருப்ப வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேர் தெற்கே விட்டால் வெறும் கடல். சின்ன ராக்கெட்டுகளுக்கு அது பெரிய மிச்சம். நான் என் பங்குக்கு, அதே ஊரில் பாரி கம்பெனிக்காரர்கள் கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை வைத்திருந்ததையும், திருச்செந்தூரிலிருந்து திசையன்விளை வரை அவர்களின் குட்டி ரயில் ஓடியதையும் சொன்னேன். தாத்தா அதில் ஏறியிருக்கிறார். பனைமரத்துக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் நம்பவே இல்லை. 1942-இல் அங்கே உப்பளத்தில் லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டு, இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது மாற்றப்பட்ட கதையைத் தாத்தா சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், சுதந்திரம் வந்து வெகுகாலம் ஆன பிறகும்கூட.

மணப்பாட்டுக்கு மட்டும் அரைநாள் ஒதுக்கச் சொன்னேன். இந்தக் கரையில் நிலம் உயர்ந்து நின்று கடலைப் பார்க்கும் இடம் வேறு அதிகம் இல்லை. குன்றின்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோவில், பக்கத்தில் கலங்கரை விளக்கம், கீழே பாறைக்குள் ஒரு குகை. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கிய குகை அது என்கிறார்கள். குகைக்குள் கிணறு, அதிலும் நல்ல தண்ணீர். ஊருக்குள் பழைய பெரிய வீடுகள், கொழும்புக்குக் கப்பல் விட்டுச் சம்பாதித்த காலத்தின் தோரணையில் இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன. கருமேனியாறு கடலைச் சேருமிடத்தில் மணல் ஒரு நாக்காக நீண்டு, ஒரு பக்கம் குளம்போல் தண்ணீரும் மறுபக்கம் அலையுமாகப் பிரித்து வைத்திருக்கிறது. செப்டம்பர் 14 திருவிழாவுக்கு அப்பாவின் சைக்கிள் கேரியரில் போவேன். பனைக்காரர்களும் மெழுகுவத்தி வாங்குவார்கள், யாரும் யாரையும் எந்த ஊர், எந்தச் சாமி என்று கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும் மீன்காரம்மா புதுச்சேலையில், தலையில் பெட்டியில்லாமல் நின்றார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. கைநிறைய மிட்டாய் வாங்கித் திணித்துவிட்டு, "ஆச்சிட்டச் சொல்லு, இது கருப்பட்டிக்கு இல்லன்னு" என்றார்.

தம்பி மகள் தன் பட்டியலில் மணப்பாட்டுக்கு நேரே 'சூரிய அஸ்தமனம்' என்று எழுதியிருந்தாள். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், கரையோரப் பனங்காட்டுக்குள்தான் விழும் என்று திருத்தினேன். கடலில் விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் கன்னியாகுமரிக்குப் போக வேண்டும். அதற்கும் இந்தப் பனிக்காலம்தான் தோது. சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் முனையிலேயே நின்று உதயத்தையும் அஸ்தமனத்தையும் கடலில் பார்க்கலாம். இதைச் சொல்லியிருக்கக் கூடாது. கன்னியாகுமரியை விட்டுவிடலாம் என்று பேசி வைத்திருந்தது அத்தோடு போயிற்று. வள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைத்து 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் வேறு அவள் பட்டியலில் முதல் வரியாக ஏறியது.

அதற்கு ஈடாக உவரியைக் கேட்டு வாங்கினேன். கப்பல் வடிவில் கட்டிய மாதா கோவிலை அவளுக்குக் காட்டலாம். சுயம்புலிங்க சுவாமி கோயிலில், நேர்ந்துகொண்டவர்கள் கடற்கரை மணலை ஓலைப்பெட்டியில் அள்ளிச் சுமந்து வந்து கொட்டுவார்கள். அந்த மணல்குவியலில் ஏறி நான் அடி வாங்கியிருக்கிறேன். ஜோ டி குரூஸின் ஊரும் இதுதான். 'கொற்கை' நாவலுக்காக 2013-இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவருடைய நாவல்களைப் படித்த பிறகுதான், மீன்காரம்மா வாசலுக்கு வந்து "ஒண்ணும் படல" என்று சொன்ன நாட்களில் அவர்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றியது.

பெரியதாழையில் நிறுத்துவதற்குத்தான் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது, பார்க்க என்ன இருக்கிறது என்றான். பார்க்க இல்லை, நெத்திலிக் கருவாடு வாங்க என்றேன். புது வண்டி, கருவாடு ஏறினால் தான் வரவே இல்லை என்று சொல்லிவிட்டான். ஆச்சி மடியில் உட்கார்ந்து சுட்ட கருவாடு இல்லாமல் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று அழுதவன் அவன். இதை அவன் மகளிடம் சொன்னேன். அவள் பட்டியலைத் திருத்தி மறுபடி அனுப்பினாள். பெரியதாழைக்கு நேரே அரைமணி நேரம் போட்டு, மூடி இறுக்கமான டப்பா ஒன்று எடுத்து வரும்படி எனக்கு ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள்.