கொசு இல்லீங்க... இது வேற ஆளு!

பாண்டிச்சேரி டிரிப் என்றால் நம்ம பசங்களுக்கு ரூட் மனப்பாடம். திண்டிவனத்தில் ஒரு டீ, ஜன்னல் சீட், ராக் பீச், ஆரோவில், ரிட்டர்ன். நடுவில் கிளியனூர் தாண்டியதும் மேற்குப் பக்கமாக ஒரு ஊர் இருக்கிறதே, வானூர்... அங்கே இறங்கினவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம்!

ஒரு கையும் தூக்கலையா? சரி, இந்த வாரம் அங்கேதான் போறோம்.

தாலுகா தலைநகர் என்ற பந்தா எதுவும் ஊருக்குக் கிடையாது. சுற்றிலும் செம்மண். மழை வாரிக்கொண்டு போன இடங்களில் ஆள் உயரத்துக்குப் பள்ளம். முந்திரி, சவுக்கு, பனை. இன்னும் மேற்கே போனால் திருவக்கரை. பௌர்ணமி அன்று போனால் வக்கிரகாளியம்மன் கோயிலில் காலை வைக்க இடம் இருக்காது. பக்கத்திலேயே கல்லாகிப்போன மரங்களின் பூங்கா. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெட்டிப் போட்ட மரம் மாதிரியே இருக்கும். தட்டினால் கல்! சோனரா என்கிற பிரெஞ்சுக்காரர் 1781-லேயே இதைப் பற்றிப் பதிவு செய்திருக்கிறார். வயது சுமார் 2 கோடி வருஷம். சுற்றிலும் கல்குவாரிகளின் டமார் டமார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் 2 கோடி வருஷத்து மரம் அமைதியாகப் படுத்திருப்பதைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் நாம் வந்தது கோயிலுக்கும் இல்லை, கல் மரத்துக்கும் இல்லை. அந்த மரங்களைவிடப் பழைய ஒரு பார்ட்டியைத் தேடி. பர்மாவில் கிடைத்த சுமார் 10 கோடி வருஷத்து மரப்பிசினுக்குள் இந்தப் பூச்சி அப்படியே உறைந்துபோய் இருந்தது. வயிற்றுக்குள் இன்றைய லீஷ்மேனியாவின் கொள்ளுத்தாத்தா மாதிரி ஒரு ஒட்டுண்ணியும் இருந்ததாக 2004-ல் எழுதினார்கள். டைனோசர் காலத்திலேயே கூட்டணி வைத்துவிட்டார்கள்!

ஆளு பேரு மணல் ஈ. பேரில்தான் மணல், பீச்சில் போய்த் தேடாதீங்க. நிறம்தான் மணல் மாதிரி. சைஸ் 2, 3 மில்லிமீட்டர். கொசுவில் மூன்றில் ஒரு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். உடம்பெல்லாம் முடி. உட்கார்ந்தால் ரெக்கையை மடக்காது, 'வி' வடிவத்தில் தூக்கியே வைத்திருக்கும். நேராகப் பறக்கத் தெரியாது, தத்தித் தத்திப் போகும். நம்ம வீட்டுச் சாதாரணக் கொசுவலையின் ஓட்டையில் டிக்கெட் இல்லாமல் நுழைந்துவிடும்.

வானூர் பக்கம் ஒரு கிராமத்தில், சாயங்காலம் மாட்டுக் கொட்டாயில் மூட்டம் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆயாவிடம் விசாரித்தோம்.

"சின்னதா, வெளிர் கலர்ல, தத்தித் தத்திப் போவுமே... அதுக்கு இங்க என்ன பேரு ஆயா?"

"அதுக்கு எதுக்கு தம்பி பேரு? கொசுன்னா காதாண்ட வந்து கத்தும். இது கத்தாது. கடிச்சிட்டுப் போய்க்கினே இருக்கும்."

ஆயா சொன்னது மணல் ஈயைத்தானா, வேறு பொடிப் பூச்சியையா என்பதை மைக்ரோஸ்கோப்தான் சொல்லவேண்டும். ஆனால் ஒரு விஷயம்! மணல் ஈயில் 'பப்பதாசி' என்று ஒரு இனம் உண்டு. அது இத்தாலிப் பேச்சிலிருந்து வந்த பெயர். அர்த்தம், 'சத்தம் போடாமல் சாப்பிடுவது'. இத்தாலிக்காரனுக்குத் தோன்றியதேதான் ஆயாவுக்கும் தோன்றியிருக்கிறது.

மாட்டுக் கொட்டாய்க்கு ஏன் போனோம்? கொசுவுக்குத் தண்ணீர் வேண்டும். தொட்டியை மூடு, டயரைத் தூக்கிப் போடு என்று சொல்லிவிடலாம். மணல் ஈ முட்டை போடுவது மண்ணில். ஈரமும் சாணியும் மக்கிய குப்பையும் கலந்த மண், சுவர் வெடிப்பு, நிழல். புழு அந்த மக்கலைத் தின்றே வளர்கிறது. எந்த இடத்து மண்ணில் என்று கண்டுபிடிப்பது மகா கஷ்டம். கூடை கூடையாக மண்ணைச் சலித்தாலும் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் புழு கிடைக்கும். அதனால் பிறக்கும் இடத்தில் அடிக்க முடியாது. வளர்ந்து சுவரில் வந்து ஒதுங்கும்போதுதான் பிடிக்கவேண்டும்.

பிடிக்கிற டெக்னிக்தான் செம. ஒரு டார்ச், ஒரு கண்ணாடிக் குழாய், ரப்பர் டியூப். சுவரில் உட்கார்ந்திருக்கிற ஈயை வாயால் உறிஞ்சிக் குழாய்க்குள் இழுக்கவேண்டும். (நடுவில் வலை உண்டு, பயப்படாதீங்க!) இன்னொரு வழி, காகிதத்தில் விளக்கெண்ணெய் தடவி ராத்திரி மாட்டி வைப்பது. காலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கோடிக்கணக்கில் செலவழிக்கும் விஞ்ஞானத்தில் நம்ம பாட்டி வைத்திய விளக்கெண்ணெய்க்கும் ஒரு சீட்! பிடித்ததை அப்படியே பார்த்து இனம் சொல்லிவிட முடியாது. தலையையும் வால் பக்கத்தையும் தனியாகப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, வாய்க்குள் இருக்கும் பல் வரிசை வரை பார்க்கவேண்டும். பொறுமை இல்லாத ஆளுக்கு இந்த வேலை சரிப்படாது.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்றால், காலா-அசாருக்காக. வாரக்கணக்கில் காய்ச்சல். உடம்பு இளைத்து, ரத்தம் வற்றி, மண்ணீரல் மட்டும் வீங்கி வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். சிகிச்சை இல்லாவிட்டால் நூறில் 95 பேருக்கு மேல் பிழைப்பதில்லை. இதை 'பீகார் வியாதி' என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இதன் கதையில் முக்கியமான சீன் நடந்தது சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே, பெரியாஸ்பத்திரியில்!

1903. மெட்ராஸ் ஜி.ஹெச்.சில் சார்லஸ் டோனவன் என்று ஒரு டாக்டர், கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர். விடாத காய்ச்சலில் வந்தவர்களை எல்லோரும் மலேரியா என்று எழுதிக்கொண்டிருந்தபோது இவருக்கு மட்டும் சந்தேகம். மண்ணீரலிலிருந்து எடுத்த திரவத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். மலேரியாக் கிருமி இல்லை, சின்னச் சின்ன முட்டை வடிவப் பொட்டுகள். அதே வருஷம் லண்டனில் லீஷ்மன் என்பவரும், டம்டம்மிலிருந்து திரும்பி இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் இதையே பார்த்ததாக எழுதியிருந்தார். யார் முதலில் என்று சண்டை. கொசு-மலேரியா புகழ் ரொனால்டு ராஸ் ரெண்டு பேர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனவானி' என்று வைத்துப் பஞ்சாயத்தை முடித்தார். ஒரு மெட்ராஸ் டாக்டர் பெயர் உலகம் முழுக்க மெடிக்கல் புத்தகத்தில் இருப்பது இப்படித்தான். 1911-ல் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி தொடங்கியபோது முதல் கண்காணிப்பாளரும் இவரே.

கிருமி கிடைத்துவிட்டது. பரப்புவது யார்? 1907-ல் சென்னையில் பேட்டன் என்பவர் மூட்டைப்பூச்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். பாவம், அது ரொம்ப வருஷம் பழி சுமந்தது. அப்புறம் நோய் இருக்கும் இடங்களையும் 'அர்ஜென்டிபெஸ்' என்ற மணல் ஈ இருக்கும் இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது ரெண்டும் பொருந்தியது. 1924-ல் கல்கத்தாவில் அந்த ஈயின் வயிற்றில் கிருமி வளர்வதையும் பார்த்தார்கள். ஆனால் கடித்தால் நோய் வருகிறதா என்று நிரூபிக்க முடியவில்லை. ஒருமுறை ரத்தம் குடித்த ஈ, அடுத்த வேளைக்குள் செத்துப்போகும். கடைசியில் கைகொடுத்தது... உலர்ந்த திராட்சை! ரத்தம் குடித்த பிறகு பழச்சாறு கொடுத்தால் ஈயும் பிழைத்தது, உள்ளே கிருமியும் பெருகித் தொண்டையை அடைத்தது. 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அசாமில் தாமாக முன்வந்தவர்களைக் கடிக்கவிட்டு நிரூபித்தார்கள். 1903-க்கும் 1942-க்கும் கணக்குப் போடுங்கள், 39 வருஷம்!

இப்போது வானூர் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்து புதுச்சேரி பஸ் ஏறுங்கள். ஊருக்குள் நுழையும்போதே கோரிமேடு. ஜிப்மரை எல்லோருக்கும் தெரியும். அதன் பக்கத்திலேயே விசிஆர்சி, அதாவது நோய் பரப்பும் பூச்சிகளுக்கான ஐ.சி.எம்.ஆர். ஆராய்ச்சி மையம். 1975-ல் தொடங்கியது. டெங்குவை அடக்க வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய கொசுக்களை வளர்த்திருப்பதாக 2022-ல் அறிவித்தார்களே, அவர்கள்தான். மணல் ஈயும் இவர்களுக்குப் பழைய நண்பன். பப்பதாசி எந்த சீசனில் கூடுகிறது, எங்கே ஒதுங்குகிறது, எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்று புதுச்சேரியிலேயே ஆராய்ந்து 1990-களில் எழுதியிருக்கிறார்கள்.

'நோயே இல்லாத ஊரில் எதுக்குப்பா ஈ பிடிக்கிறீங்க?' நியாயமான கேள்வி. நாமும் கேட்டுப் பார்த்தோம். விடை தேடிப் போனால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

முதல் விஷயம், காலா-அசாரை நாம் விரட்டவே இல்லை. 1950-களில் மலேரியாவுக்காக வீடு வீடாக டி.டி.டி. அடித்தார்கள். அதே சுவரில் ஒதுங்கிய மணல் ஈயும் சேர்ந்து செத்தது, நோய் அடங்கியது. போனஸாகக் கிடைத்த வெற்றி! மருந்தடிப்பது நின்றதும் பீகாரில் 1970-களில் பேயாகத் திரும்பி வந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே கொண்டுவருவது என்ற இலக்கைப் பல முறை தள்ளிப்போட்டு, 2023-ல்தான் இந்தியா தொட்டது. தமிழ்நாட்டில் நோய் இல்லை. அர்ஜென்டிபெஸ் இருக்கிறது.

ரெண்டாவது, கிருமி வேஷம் மாற்றுகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 1992-ல் முதல் உள்ளூர் நோயாளி. அதே டோனவானி இனம்தான், பரப்புவதும் அர்ஜென்டிபெஸ் வகையறாதான். ஆனால் அங்கே மண்ணீரலைத் தொடாமல் தோலில் புண்ணாக வருகிறது. 2001-க்குப் பிறகு கூடிக்கொண்டே போய், சில வருஷங்களில் 3,000 பேரைத் தாண்டியது. அனுராதபுரம், அம்பாந்தோட்டை பக்கம் அதிகம். நம்ம பக்கம்? கேரளத்தில் அகத்தியமலைக் காட்டுக்குள் இருக்கும் காணி மக்களுக்கு ஆறாத தோல் புண். கோரிமேட்டு ஆய்வாளர்களும் கேரள டாக்டர்களும் சேர்ந்து பார்த்ததில் அங்கேயும் டோனவானி என்று தெரிந்தது. 2015-ல் வெளியானது. புண் பெரும்பாலும் வலிக்காது. அதனால் காட்டைவிட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்கு வரவும் தோன்றாது. அதே மலையின் இந்தப் பக்கச் சரிவு பாபநாசம், களக்காடு. காணி மக்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. காலா-அசார் குணமான சிலருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்துத் தோலில் வெளிறிய தேமலும் முடிச்சும் வரும். காய்ச்சல் இருக்காது, ஆள் தெம்பாக வேலை பார்ப்பார். ஆனால் தோலில் கிருமி இருக்கும், ஈ கடித்தால் ஏறிக்கொள்ளும். பார்த்தால் தொழுநோய் மாதிரி தெரிவதால் டாக்டர்களே ஏமாறுவதுண்டு. வடக்கிலிருந்து வேலைக்கு வருபவர்களைப் பார்த்து 'நோயைக் கொண்டு வர்றாங்க' என்று கிளப்பிவிடாதீங்க ப்ளீஸ். அவர்களுக்குத்தான் முதலில் சரியான டாக்டர் வேண்டும். பீகாரில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண்டுபிடித்துவிடுகிற நோயை, அதைப் பார்த்தே இராத நம்ம ஊர் கிளினிக்கில் எத்தனை பேரால் கண்டுபிடிக்க முடியும்?

அதனால்தான் எந்தக் கொட்டாயில் எந்த இனம், அது மாட்டை மட்டும் கடிக்கிறதா, மனுஷனையும் கடிக்கிறதா என்ற கணக்கு இப்போதே வேண்டியிருக்கிறது. அர்ஜென்டிபெஸ் என்று நாம் நினைத்ததே ஒரு இனம் இல்லை, ஒன்றுபோல் தெரியும் மூன்று என்று 2010-ல் சென்னை இந்திய விலங்கியல் ஆய்வகத்து இளங்கோ எழுதினார். எது எங்கே இருக்கிறது, எது ஆபத்து என்பதெல்லாம் யாராவது டார்ச்சோடு போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த 'யாராவது' நீங்களாக இருக்க ஆசையா? கோரிமேட்டிலேயே பப்ளிக் ஹெல்த் என்டமாலஜியில் எம்.எஸ்சி. இருக்கிறது. ரெண்டு வருஷம், புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பட்டம். விலங்கியல், தாவரவியல் மாதிரி உயிரியல் பக்கம் டிகிரி முடித்தவர்கள் அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி ரூம் வேலை என்று நினைத்துச் சேராதீங்க. சாணி வாசம், அதிகாலை ரவுண்டு, 'யாரு தம்பி கொட்டாயில?' என்று டார்ச் அடிக்கும் ஊர்க்காரர், எல்லாம் சிலபஸில் இல்லாத பேப்பர்கள்.

சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் வெயில் தாழ திருவக்கரைக் கல் மரங்களை முடித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் வானூர் வந்துவிடுவது நல்லது. முழுக்கை சட்டை போட்டுக்கோங்க. கொட்டாய் பக்கம் போனால் மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, டார்ச்சைச் சுவரில் தாழ்வாக அடித்துப் பாருங்கள். ரெக்கையை 'வி' மாதிரி தூக்கிக்கொண்டு ஏதாவது உட்கார்ந்திருக்கலாம்.