பப்பாளிப் பாலும் சித்தப்பா குதிகாலும்

பப்பாளிக் காயில் பால் எடுக்கிறதை டவுனில் இருக்கிறவங்க பார்த்திருக்க மாட்டீங்க. எங்க பக்கம் பழத்துக்கு மட்டுமில்லை, பாலுக்காகவும் பப்பாளி போடுவாங்க. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோட கோ 2, கோ 5 ரகங்கள் இதுக்குத் தோதானவை. காய் பிடிச்சு இரண்டரை, மூணு மாசம் ஆனதும், விடியக்காலையில் பிளேடால் நெட்டுவாக்கில் நாலு கீறல். 3 மில்லிமீட்டர் ஆழம் போதும். வெயில் ஏறினால் பால் சரியா வடியாது. மூணு நாலு நாள் விட்டு, கீறாத இடத்தில் மறுபடி கீறணும். கையுறை இல்லாமல் இறங்கினால் விரல் நுனியெல்லாம் எரியும்.

எரியக் காரணம் அதில் இருக்கிற பப்பாயின் என்கிற நொதி. புரதத்தைக் கரைக்கிற சாமான். முத்தின ஆட்டுக்கறியில் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவாங்களே, அதே சங்கதிதான்.

போன வருஷம் எங்க சித்தப்பா குதிகாலில் முள் ஏறிடுச்சு. இருபது வருஷமாச் சர்க்கரை. பாதம் மரத்துப் போனதால முள் ஏறினதே மனுஷனுக்குத் தெரியலை. இரண்டு மாசமாகியும் புண் ஆறலை. மேலே மஞ்சளும் கறுப்புமாச் செத்த சதை படிஞ்சு கிடந்தது. காலை எடுக்க வேண்டி வரலாம்னு ஒரு டாக்டர் சொன்னதிலிருந்து சித்திக்குச் சோறு இறங்கலை.

அடுத்துப் பார்த்த டாக்டர் ரத்த ஓட்டத்தைச் சோதிச்சார். "ஓட்டம் இருக்கு, முயற்சி பண்ணலாம். செத்த சதை கிடக்கிற வரைக்கும் கீழே புதுச் சதை வளராது" என்றார். கத்தியால் முடிஞ்சதை எடுத்தார். மிச்சத்துக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். டியூபைத் திருப்பிப் பார்த்தால் பப்பாயின், யூரியா!

"ஏம்மா, வயலுக்குப் போடுற யூரியாவா?" என்று நர்ஸம்மாகிட்ட கேட்டேன். சிரிச்சுட்டாங்க. பொருள் அதேதான், ஆனா மருந்துக்குன்னு சுத்தம் செஞ்சது. செத்த சதையின் புரதத்தை யூரியா இளக்கிவிடும், பப்பாயின் அதை வெட்டிக் கரைக்கும். உயிருள்ள சதைக்கு வர்ற ரத்தத்தில் இந்த நொதியை அடக்குற பொருள் இருக்கு, அதனால அதுக்குச் சேதம் குறைவு. நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்திக் கழுவினால் நொதி வீணாகிடும், சலைன் போதும்னும் சொல்லிக் கொடுத்தாங்க.

ஊருக்கு வந்ததும் யோசனை சொல்ல ஆள் வரிசை கட்டிட்டாங்க. "நம்ம தோட்டத்துப் பாலையே தடவினால் ஆச்சு, எதுக்குக் காசு?" சித்தப்பாவுக்கும் அதே ஆசை. நான் ஒத்துக்கலை. காயில் வடியற பாலுக்கு அளவு ஏது, சுத்தம் ஏது? தூசி, கிருமி எல்லாம் சேர்ந்துதான் வரும். போதாததுக்கு அலர்ஜி. களிம்பாச் செஞ்சதுக்கே சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கு ஆபத்தாகியிருக்கு. அமெரிக்காவில் இந்தக் களிம்புகள் முறையான அனுமதி இல்லாமலேயே ரொம்ப நாள் வித்துக்கிட்டிருந்தன. 2008-ல் அரசாங்கம் நிறுத்தச் சொல்லிடுச்சு. அங்கே இப்போ கொலாஜினேஸ்னு, ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுக்கிற நொதிக் களிம்பு போடுறாங்க.

தினம் டிரெஸ்ஸிங். முதல் வாரம் எரிச்சல், கசிவு, வாடை. மூணாவது வாரம் அடியில் சிவப்பாப் புதுச் சதை தெரிஞ்சதும் நர்ஸம்மா என்னையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. அத்தோட களிம்பை நிறுத்திட்டாங்க. அதோட வேலை இடத்தைச் சுத்தம் செய்யறது வரைக்கும்தான். அதுக்கப்புறம் இன்சுலின், குதிகால் தரையில் படாமல் இருக்கிறது, இரண்டும்தான் வைத்தியம்.

இப்போ புண் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுருங்கியிருக்கு. இன்னும் மூடலை. சித்தப்பா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துக்கிட்டு, தண்ணி பாய்ச்ச விடமாட்டேங்கிறான்னு போறவர்றவங்ககிட்ட எல்லாம் என்னைத் திட்டிக்கிட்டிருக்கார்.