புலிக்குப் பிறந்தது...

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று கேட்பார்கள். பாக்சிங்கைப் பொறுத்தவரை இந்தப் பழமொழி பல பையன்களை நன்றாக அடிவாங்க வைத்திருக்கிறது!

முதலில் ஜோ ஃப்ரேசியரின் மகன் கதை. 1971 மார்ச் 8-ல் முகமது அலிக்குத் தொழில்முறை பாக்சிங்கில் முதல் தோல்வியைக் கொடுத்தவர் ஜோ. அவர் மகன் மார்விஸ், அமெச்சூரில் நன்றாகப் பெயர் எடுத்தவர். அப்பாவே மேனேஜர். தொழில்முறையில் பத்துப் போட்டிதான் ஆடியிருந்தார், பத்திலும் வெற்றி. பதினோராவது போட்டிக்கே, அதுவரை தோல்வியே காணாத சாம்பியன் லாரி ஹோம்ஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். நாள் 1983 நவம்பர் 25. முதல் ரவுண்டு முடிய மூன்று வினாடி இருக்கும்போது போட்டி நிறுத்தப்பட்டது. அடித்துக்கொண்டிருந்த ஹோம்ஸே நடுவரைப் பார்த்து 'நிறுத்துங்கள்' என்று கை காட்டினார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

மார்விஸ் திறமை இல்லாதவரா? இல்லவே இல்லை. 1986 தொடக்கத்தில் அவர் தோற்கடித்த 'போன்க்ரஷர்' ஸ்மித், அதே வருஷம் டிசம்பரில் உலக சாம்பியன் ஆனார். ஆனால் அதற்குள் ஜூலை மாதம் மார்விஸை மைக் டைசன் 30 வினாடியில் வீழ்த்தியிருந்தார். மொத்தக் கணக்கு 19 வெற்றி, 2 தோல்வி. அந்த இரண்டு தோல்விக்கும் சேர்த்து ஆன நேரம் மூன்று நிமிஷம் 27 வினாடி. இன்றைக்கும் உலகம் ஞாபகம் வைத்திருப்பது அந்த மூன்றரை நிமிஷத்தைத்தான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். குட்வில் என்று ஒன்று உண்டு. காசு கொடுத்து வாங்கிய குட்வில்லைத்தான் பேலன்ஸ் ஷீட்டில் காட்டலாம். அப்பா பெயர் மகனுக்குச் சும்மா வந்த குட்வில். அது டிக்கெட் விற்கும், குத்தைத் தடுக்காது. அதைவிட மோசம், இன்னும் ஐந்து வருஷம் கழித்து வரவேண்டிய எதிராளியை இன்றைக்கே கொண்டுவந்து விடும்.

டிக்கெட் எப்படி விற்கும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். கிறிஸ் யூபாங்கும் நைஜல் பென்னும் 1990-லும் 1993-லும் மோதினார்கள். முதலாவதில் யூபாங்க் ஜெயித்தார், இரண்டாவது டிரா. அந்தப் பாக்கியைத் தீர்ப்பது போல அவர்களுடைய மகன்கள் 2025-ல் இரண்டு முறை மோதினார்கள். ஏப்ரலில் இளைய யூபாங்குக்கு வெற்றி, நவம்பரில் கானர் பென்னுக்கு. இரண்டு முறையும் ஒரு ஃபுட்பால் ஸ்டேடியமே நிரம்பியது. பாதிப் பேர் வந்தது அப்பாக்களுக்காக!

விதிவிலக்கு இல்லையா? உண்டு. ஃபிளாய்ட் மேவெதர். 2017-ல் தன்னுடைய 50-வது போட்டியையும் ஜெயித்து, ஒரு தோல்விகூட இல்லாமல் நின்றவர். அவர் அப்பாவும் பாக்சர்தான். ஆனால் 1978-ல் சுகர் ரே லியோனார்டிடம் தோற்றவர், உலகப் பட்டம் வாங்காதவர். விற்பதற்குப் பெரிய பெயர் இல்லை. மகனுக்குக் கிடைத்தது, தோளை மடக்கி அடியை வழுக்கவிடும் வித்தை. அப்பா இல்லாத காலத்தில் சித்தப்பா ரோஜர் பயிற்சி கொடுத்தார். ஆக, அந்த வீட்டில் கைமாறியது பெயர் இல்லை, பாடம்.

இதைத்தான் நம்ம வடசென்னை எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தது! ராயபுரம், காசிமேடு தொடங்கி திருவொற்றியூர் வரை 'ரோஷமான குத்துச்சண்டை' பேசப்பட்ட காலத்தில், சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்றுதான் சொன்னார்கள். பரம்பரை என்றால் மற்ற இடத்தில் ரத்த வழி. இங்கே அது வாத்தியார் வழி. ஹார்பரில் மூட்டை தூக்குபவர் மகனும், மீன்பிடிப்பவர் மகனும் ஒரே வாத்தியாரிடம் கற்றால் ஒரே பரம்பரை. கித்தேரி முத்து பெயரைச் சொல்லும்போது கூடவே வருவதும் சார்பட்டாதான்.

2021-ல் வந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படத்தில் இந்த வலி இரண்டு பக்கமும் இருக்கிறது. கபிலனின் அப்பா பாக்சர். பிறகு அடிதடியில் இறங்கிக் கொலையானவர். அதனால்தான் அம்மா பாக்கியம் மகனை ரிங் பக்கமே விடமாட்டார். இன்னொரு பக்கம் ரங்கன் வாத்தியார், தன் சொந்த மகன் வெற்றிச்செல்வனை ஒதுக்கிவிட்டு வேறு பையனைத் தேர்ந்தெடுப்பார். வெற்றிக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்! ஆனால் மார்விஸ் கதையைப் படித்துவிட்டு அந்தக் காட்சியைப் பார்த்தால், ரங்கன் செய்தது கொடுமையாகத் தெரியாது. ஜோ ஃப்ரேசியர் தன் மகனுக்குச் சொல்லத் தவறிய 'வேண்டாம்' அது.

இன்றைக்கும் வடசென்னையில் கிளவுஸ் மாட்டும் பையன்கள் இருக்கிறார்கள். பலருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு ரயில்வே வேலையோ போலீஸ் வேலையோ கிடைத்தால் போதும். அவர்கள் அப்பாக்களின் பெயர் எந்தப் போஸ்டரிலும் இருந்திருக்காது. அது ஒரு குறை இல்லை. மணி அடித்ததும் அப்பாவும் கீழே இறங்கிவிட வேண்டும், வாத்தியாரும் கீழே இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு பையனோடு மேலே நிற்பது அவன் கற்றது மட்டும்தான்.