நீருக்கு ஒரு வழி

நுழையும்முன்

புதிய கருவிகள் நாள்தோறும் நம் வாழ்வில் வந்து சேர்கின்றன. அவற்றை வாங்குவதற்குப் பொருள் வேண்டும். பேணுவதற்குக் கூர்ந்து நோக்கும் கண் வேண்டும். மழையிலும் உவர்நீரிலும் உழைக்கும் ஒரு வண்டியை முன்வைத்து இக்கட்டுரை அதனை எடுத்துரைக்கிறது.

லித்தியமும் நீரும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வெளிப்படும் என்று வேதியியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். அப்படியானால் லித்தியம் பேட்டரி பொருத்திய மோட்டார் சைக்கிள் மழையில் நனையலாமா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. தமிழாசிரியரிடம் கேட்கும் வினாவா இது என வியக்க வேண்டா. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் நாகப்பட்டினம் பகுதியில் வண்டி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். மாலை வேளைகளில் அங்கு அமர்ந்து அவர் கைத்திறத்தைக் காண்பது என் வழக்கம்.

மோட்டார் சைக்கிள்களைக் கிளப்புவதற்கான லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலானவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 3.2 வோல்ட் கொண்ட நான்கு மின்கலங்கள் தொடராக இணைந்து 12.8 வோல்ட் தருகின்றன. பிரான்சு நாட்டு அறிஞர் பிளாந்தே 1859இல் உருவாக்கிய ஈய அமில மின்கலத்தின் வழிவந்த பழைய பேட்டரியைவிட இது அளவில் சிறியது. எடையிலும் மிகக் குறைந்தது. இதனுள் லித்தியம் உலோகமாக இல்லை; அயனியாகவே இயங்குகிறது. ஆகவே மழைத்துளி பட்டவுடன் தீப்பற்றும் என அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், மின்கலங்களைக் காக்கும் நுண்ணிய மின்சுற்றுப் பலகை ஒன்று இவ்வகைப் பேட்டரிகள் பலவற்றின் கூட்டுக்குள் உள்ளது. மூடியின் விளிம்பு வழியே நீர் புகுந்தால் அப்பலகை அரிக்கப்படும், குறுக்குச்சுற்றும் நேரலாம்.

உவர்நீர் செய்த வேலை

ஒருநாள், மீன் விற்கும் அன்பர் ஒருவர் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். உதைத்துக் கிளப்பும் வசதியில்லாத வண்டி அது. துறைமுகத்தில் ஏற்றிய மீனோடு வழியில் நின்றுவிட்டது. பனிக்கட்டி உருகிக்கொண்டிருந்தது. மீனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய வாடகையிலேயே அன்றைய ஊதியம் கரைந்துவிட்டது. அவர் முகத்தில் சினமில்லை; நாளைக்கு என்ன செய்வது என்னும் கவலையே இருந்தது.

இருக்கையைக் கழற்றியதும் காரணம் புலப்பட்டது. புதிய பேட்டரி சிறியதாகையால் பெட்டியில் இடைவெளி விழுந்திருந்தது. முன்பு அதைப் பொருத்தியவர் இடைவெளியில் மெத்தைப் பஞ்சைத் திணித்து, பேட்டரியைப் பாலித்தீன் பையால் இறுகச் சுற்றியிருந்தார். மீன்பெட்டியிலிருந்து கசிந்த உவர்நீரைப் பஞ்சு உறிஞ்சி வைத்திருந்தது. பைக்குள் புகுந்த ஈரம் வெளியேற முடியாமல் வியர்த்து நின்றது. பெட்டியின் அடியிலிருந்த வடிதுளையைச் சேறு அடைத்திருந்தது. செப்புக் கம்பிகளின் நுனியில் பச்சை படர்ந்திருந்தது.

“ஐயா, மேலேயிருந்து வந்த தண்ணீர் கொஞ்சம்தான். போக வழியில்லாமல் நின்ற தண்ணீர்தான் கெடுத்திருக்கிறது” என்றார் என் மாணவர்.

அச்சொல் என்னை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றது. நம் முன்னோர் கரையை மட்டும் உயர்த்தி மன நிறைவடையவில்லை; மிகுநீர் வழிந்தோடக் கலிங்கும் அமைத்தனர். கலிங்கில்லாத கரை ஒரு பெருமழைக்குக்கூடத் தாங்காது. நீரைத் தடுப்பது பாதி அறிவு. அதற்கு வழிவிடுவது மீதி அறிவு.

பொருத்தும் முறை

மாற்றுப் பேட்டரியை அவர் பொருத்திய முறையைக் கவனித்தேன். சாவியை நிறுத்தி, முதலில் எதிர்மின்முனைக் கம்பியைக் கழற்றினார். வண்டியின் சட்டகம் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் சட்டகத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். பின்னர் வடிதுளையைக் குத்தித் தூர்வாரினார். பஞ்சுக்கு மாற்றாக நீர் உறிஞ்சாத ரப்பர்த் துண்டுகளை வைத்து, பேட்டரி அசையாதவாறு இருத்தினார். கம்பிகள் கீழ்நோக்கி வளைந்து, மீண்டும் மேலேறி முனையை அடையுமாறு விட்டார். கம்பி வழி வரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். உலர்ந்த முனைகளை இறுக்கிய பிறகு அவற்றின்மேல் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லப் பூசினார். நேர்முனையை முன்னரும் எதிர்முனையை இறுதியிலும் இணைத்தார். மீன்பெட்டியின் அடியில் ஒரு தகட்டுத் தட்டு வைத்து, உவர்நீர் பேட்டரியை அணுகாமல் பின்புறம் வடியக் குழாயும் பொருத்தினார்.

நீரில் மூழ்கினால்

சில பேட்டரிகளின்மேல் ‘ஐ.பி. 67’ எனப் பொறித்திருக்கும். ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும் என்பது அதன் பொருள். அச்சோதனை நன்னீரில் செய்யப்படுவது. விசையோடு பீய்ச்சும் நீருக்கும் கடல்நீருக்கும் அது உறுதி தருவதில்லை. 2022இல் இயான் புயலின்போது அமெரிக்காவின் புளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிய மின்வாகனங்கள் சில, வெள்ளம் வடிந்த பிறகு தீப்பற்றின. உப்பு மின்சாரத்துக்குப் புதுவழி திறந்துவிடுகிறது.

2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னைத் தெருக்கள் மூழ்கியதை நாம் அறிவோம். அவ்வாறு மூழ்கிய லித்தியம் பேட்டரியை மின்னேற்றிப் பார்த்தல் கூடாது. பிரித்து உலர்த்தவும் கூடாது. அதன் மின்பகுளியில் பொதுவாகச் சேர்க்கப்படும் உப்பு, நீரோடு வினைபுரிந்தால் உடலை அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும். உப்பியிருந்தாலோ சூடாக இருந்தாலோ அதைத் தொடாமல் விலகியிருந்து, தீயணைப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

மாணவர்களே! கருவியை ஆக்குவோர் எங்கோ இருக்கின்றனர். அதனை நம்பித் தொழிலுக்குப் புறப்படுவோர் நம் தெருவில் இருக்கின்றனர். அடுத்த மழைக்கு முன் உங்கள் வீட்டு வண்டியின் பேட்டரிப் பெட்டியைப் பெரியவர் துணையுடன் திறந்து பாருங்கள். அடியில் வடிதுளை இருக்கலாம். அது அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். விரல் நுழையாத அச்சிறு துளையில் ஒரு குடும்பத்தின் ஒருநாள் உணவு அடங்கியிருக்கலாம்.