விடுபட்ட ஒரு வாக்கியம்

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனுக்கு எதிரான சான்றுகளில் தலையாயது, அவர் அளித்ததாகப் பதிவான ஒப்புதல் வாக்குமூலம். ஒன்பது வோல்ட் மின்கலங்கள் இரண்டை வாங்கிச் சிவராசனிடம் கொடுத்ததாக அதில் இருந்தது. வெடிகுண்டை இயக்க அவையே பயன்பட்டன என்பது அரசுத் தரப்பின் வாதம். அந்த வாக்குமூலத்தைப் பதிவுசெய்த மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் கண்காணிப்பாளர் வி. தியாகராசன், 2013 நவம்பரில் வெளிப்படையாக ஒன்றைச் சொன்னார். அம்மின்கலங்கள் எதற்கு என்பது தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியிருந்தார்; அந்தப் பகுதியைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டார். 2017இல் இதையே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் தாக்கல் செய்தார்.

மொழியைப் பயில்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். காவல்துறை எழுதும் வாக்குமூலம் பெரும்பாலும் தன்மை ஒருமையில் அமைந்திருக்கும். விசாரித்தவரின் கேள்விகள் மறைந்துபோய், விடைகள் மட்டும் ஒரே ஓட்டமான கதையாக எஞ்சும். 'நான்' என்று தொடங்கும் வாக்கியத்தை எழுதியவர் அந்த 'நான்' அல்லர். 'வாங்கிக் கொடுத்தேன்' என்பது செயலைச் சொல்கிறது. 'எதற்கென்று தெரியாது' என்பது அச்செயலின் பொருளைச் சொல்கிறது. முன்னது நின்று பின்னது விடுபட்டால், கடைக்குப் போய்வந்த ஒரு பத்தொன்பது வயது இளைஞர் சதிகாரராக ஆகிவிடுகிறார்.

பொதுவாகக் காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதலை, 2024 வரை நடப்பிலிருந்த இந்தியச் சான்றுச் சட்டம் ஏற்கவில்லை. தடா சட்டம் அந்தக் காப்பை அகற்றியது. கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவுசெய்தால் அது சான்றாகும் என்றது. 1998 சனவரி 28 அன்று சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, நால்வருக்குத் தூக்கை உறுதிசெய்தது. தடா சட்டத்தின்படியான குற்றங்கள் இவ்வழக்கில் நிறுவப்படவில்லை என்று அதே தீர்ப்பு கூறிற்று. ஆயினும் அச்சட்டத்தின்கீழ்ப் பெற்ற வாக்குமூலங்கள் மட்டும் சான்றாக நிலைத்தன. 2000இல் நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய மூவரான பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகியோரின் கருணை மனுக்கள் பதினோரு ஆண்டுகள் கிடந்து, 2011 ஆகஸ்டில் தள்ளுபடியாயின. தூக்குக்குக் குறிக்கப்பட்ட நாள் 2011 செப்டம்பர் 9.

இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அதிகாரி வாய்திறந்தது 2013 நவம்பர். கயிறு காத்திருந்தது 2011 செப்டம்பர். திட்டமிட்டபடி நடந்திருந்தால், அந்த வாக்கியம் இரண்டாண்டுகளுக்கு மேல் காலந்தாழ்ந்து, கேட்க ஆளில்லாத ஓரிடத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்.

அந்த இரண்டாண்டுகளை ஈட்டித் தந்தவர்கள் யார்? 1991 சூன் 11 அன்று, விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பிவிடுவதாகச் சொன்ன காவலர்களை நம்பி மகனை ஒப்படைத்த சோலையார்பேட்டை அற்புதம்மாள், அதன்பின் இருபது ஆண்டுகளாக வழக்கின் தாள்களைச் சுமந்து பேருந்திலும் தொடர்வண்டியிலும் அலைந்து, கேட்பவர் எவராயினும் அவரிடம் பேசியிருந்தார். சிறையிலிருந்து பேரறிவாளன் எழுதிய முறையீட்டு மடல் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டிருந்தது. எனவே 2011 ஆகஸ்டில் தமிழ்நாடு கிளர்ந்தபோது, அது வெறும் உணர்ச்சி வேகமாக இருக்கவில்லை. வழக்கின் விவரம் அறிந்த ஒரு மக்கள் திரள் முன்பே உருவாகியிருந்தது. கோயம்பேட்டில் மூன்று பெண் வழக்கறிஞர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியே வந்தனர். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எட்டு வாரத் தடை விதித்தது. அதே நாளில் சட்டப் பேரவையும் தண்டனையைக் குறைக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

அதற்கு இரு நாள் முன்னர், காஞ்சிபுரம் மக்கள் மன்றத்தில் பணியாற்றிய செங்கொடி என்னும் இளம்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த இழப்பைக் கொண்டாடும் மொழி இன்னும் மேடைகளில் ஒலிக்கிறது. உயிர்களைக் காக்க எழுந்த ஓர் இயக்கம் இன்னோர் உயிரைத் தன் வெற்றியின் விலையாகக் காட்டுவது அதன் அறத்துக்கே முரண். அவர் வாழ்ந்திருக்க வேண்டும். மூவரும் விடுவிக்கப்பட்டதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

மூவரைக் காத்த சட்ட நெறி உறுதிப்பட்ட இடம் இயக்கத்தாரும் அதிகம் பேசாத ஒன்று. 2014 சனவரி 21 அன்று, தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, கருணை மனுவின் மீது காரணமற்ற காலத்தாழ்வு நேர்ந்தால் அதுவே தண்டனையைக் குறைக்கப் போதிய காரணம் என்று தீர்ப்பளித்து, 15 பேரின் தூக்கை ஆயுளாக்கியது. அந்தத் தீர்ப்பு இன்று உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த சத்ருகன் சவுகானின் பெயரால் அறியப்படுகிறது. அதன் வழியிலேயே பிப்ரவரி 18 அன்று மூன்று தமிழர்களின் உயிர் தப்பியது. அதே நெறியைப் பின்பற்றி 2022 சனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், புனே எரவாடா சிறையில் இருந்த கோலாப்பூர்ச் சகோதரிகள் இருவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. இந்தி பேசும் ஒருவர் பெயரிலான தீர்ப்பு தமிழரைக் காத்து, மராட்டியப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது.

இந்த வரலாறு சுனாபட்டி, தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்களிடம் ஒரு கேள்வியை வைக்கிறது. 2006 சூலை 11 அன்று மும்பைப் புறநகர்த் தொடர்வண்டிகளில் குண்டுகள் வெடித்து 180க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெடித்த இடங்களில் மாகிமும் மாட்டுங்கா ரோடும் அடக்கம். இரண்டும் தாராவியின் வாசலில் உள்ள நிலையங்கள். 2015 செப்டம்பரில் சிறப்பு நீதிமன்றம் ஐவருக்குத் தூக்கும் எழுவருக்கு ஆயுளும் விதித்தது. இங்கும் ஒரு சிறப்புச் சட்டம், மகோகா. இங்கும் காவல் அதிகாரி பதிவுசெய்த வாக்குமூலங்கள். 2025 சூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அவ்வாக்குமூலங்களை நம்பத்தகாதவை என ஒதுக்கி, பன்னிருவரையும் விடுவித்தது. தூக்கு விதிக்கப்பட்டவர்களுள் ஒருவர் அதற்கு நான்காண்டுகள் முன்பே நாகபுரிச் சிறைவாசத்தில் கொரோனாவால் இறந்திருந்தார். மாநில அரசு மேல்முறையீடு செய்துள்ளது. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைப் பிற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்று கூறியதே தவிர, விடுதலையானவர்களை மீண்டும் சிறைக்கு அனுப்பவில்லை.

உயிரிழந்தோரின் குடும்பங்களை மறந்து இதைப் பேச முடியாது. திருப்பெரும்புதூரில் காவலர்களும் கட்சித் தொண்டர்களும் ஒரு சிறுமியும் மாண்டார்கள். மும்பையில் வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் வீடு சேரவில்லை. அவர்களுக்கு உரியது உண்மை. தவறான ஆளைத் தூக்கிலிட்டால் வழக்கு முடிந்துவிடும். உண்மை முடிவதில்லை, தேடுவாரின்றி நின்றுவிடுகிறது. பேரறிவாளனைக் குற்றமற்றவர் என்று எந்த நீதிமன்றமும் அறிவிக்கவில்லை. 2022 மே 18 அன்று அரசமைப்பின் 142ஆம் பிரிவின்கீழ் விடுவிக்கப்பட்டார், அவ்வளவே. ஆனால் விடுபட்ட வாக்கியத்தைப் பற்றிப் பேச அவர் உயிரோடு இருக்கிறார்.

மரண தண்டனை எதிர்ப்பு என்பது கருணை கேட்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். 2011இல் மக்கள் கேட்டுப் பெற்றது எட்டு வார காலம். தொடர்வண்டி வழக்கில் தேவைப்பட்டது பத்தாண்டு. மூவர் உயிருக்காக அன்று கலங்கிய மும்பைத் தமிழ் வீடுகள், தங்கள் தெருவுக்கு அருகே நடந்த வழக்கின் தீர்ப்பையும் எடுத்துப் படிக்கலாம். பெயர்கள் வேறு மொழியில் இருக்கும், வாக்குமூலத்தின் இலக்கணம் நமக்கு முன்பே பழக்கமானதுதான்.